சூடாமணி வெளுத்த எழுத்து

1

1939 செப்டம்பர் நாலாம் தேதி காலை, மதுரை தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் இருந்த சாயப்பட்டறையில் ஆஜரானவர்கள்:

துளசிராம், சௌராஷ்டிரர், பட்டறை முதலாளி.
சூடாமணி, அவர் மனைவி. சுங்கடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதில் கெட்டிக்காரி.
பிச்சுமணி ஐயர், பத்திரம் எழுதுகிறவர். கூப்பிடாமல் வருகிறவர்.
இன்ஸ்பெக்டர் வெள்ளைத்துரை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், உசிலம்பட்டிக்காரர்.
எமில் ரோசன்ஃபெல்ட், சாய ரசாயனம் படித்தவர், ஜெர்மானியர், யூதர். கடைசி இரண்டில் அவர் எது என்பதுதான் அன்றைய வழக்கு.

கதை வந்த வழியை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு துணி வெளுக்கும் ஆலையில் இரவு ஷிப்ட் பார்த்தேன். அதையும் பாதியில் விட்டேன். அங்கே கற்றது ஒன்றுதான்: வெளுத்த இடம் காலி இடம் அல்ல. பிறகொரு நாள், 1938இல் ஜெர்மனி தன் யூதர்களின் பாஸ்போர்ட்டில் சிவப்பு மையில் 'ஜே' என்று ஒற்றை எழுத்தைக் குத்தியது என்று படித்தேன். இரண்டையும் சேர்த்தேன். மற்றதெல்லாம் புளுகு.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கப்பல் கரையை நெருங்கியபோது எமிலின் கண்களில்..."

வேண்டாம். அவர் கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது: துளசிராம் ஒரு ஜெர்மன் சாயக் கம்பெனிக்கு ஒன்பது வருஷம் புகார்க் கடிதம் எழுதினார். "உங்கள் சிவப்புச் சாயம் வைகைத் தண்ணீரில் ஒழுகுகிறது." இங்கிலீஷ் பிச்சுமணியுடையது. ஒன்பது வருஷமும் ஒரே ஆள் பதில் போட்டார்: "எங்கள் சிவப்பு ஒழுகாது. உங்கள் தண்ணீரைப் பாருங்கள். இப்படிக்கு எ. ரோசன்ஃபெல்ட்."

யூதன் என்று அவரை வேலையிலிருந்து விரட்டியபோது, ஜெர்மனிக்கு வெளியே அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான். இதற்கே எழுதி இடம் கேட்டார். துளசிராம் பதில் எழுதினார்: "புறப்பட்டு வாரும். உம்ம சிவப்பு ஒழுகுவதை நேரிலேயே பாரும்."

(பக்கக் குறிப்பு: வந்தார். பார்த்தார். ஒழுகியது. எட்டு மாதமாகியும் ஒத்துக்கொள்ளவில்லை.)

3

மார்ச் மாதம் வாடகைக்கு அறை கேட்டுப் போன இடத்தில், ஒரு வெள்ளைக்கார அம்மாள் எமிலின் பாஸ்போர்ட்டைத் திறந்து, அந்த எழுத்தைப் பார்த்து, மூடித் திருப்பிக் கொடுத்தாள். அன்று அவர் சாப்பிடவில்லை.

"என்ன எழுத்து அது?" என்றாள் சூடாமணி.

"நான் யூதன்னு ஊருக்கெல்லாம் சொல்ற எழுத்து, அண்ணி." பட்டறையில் பொறுக்கிய தமிழில் சொன்னார் எமில்.

"இம்புட்டுத்தானா? சிவப்புத்தானே! குடுங்க இப்படி."

சாயக்காரர் வீட்டில் கறையைக் கண்டால் யோசிக்கமாட்டார்கள், எடுத்துவிடுவார்கள். அரசாங்க முத்திரையானாலும் கறை கறைதான். துளசிராம் தாளை விரித்துப் பிடித்தார். சூடாமணி வெளுப்புக் காரத்தில் ஊசி முனையைத் தொட்டுத் தொட்டு எழுத்தின் மேலேயே போனாள். ஒரு நூலிழைகூட வெளியே நகரவில்லை. எழுத்து போயிற்று. எமில் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

4

பிச்சுமணியை வில்லனாக்கத்தான் நினைத்தேன். எமில் வந்த புதிதில் துளசிராமிடம் கேட்டார்:

"காரணமில்லாம ஒருத்தரை விரட்டுவாளா ஓய்? என்னமோ பண்ணியிருப்பா."

"எங்க ஆளுகளும் குஜராத்துப் பக்கமிருந்து ஓடி வந்தவங்கதான் சாமி. நாங்க என்ன பண்ணினோம்?"

"நீங்க பட்டு நெஞ்சேள்."

"இவரு சாயம் போட்டாரு."

"அதுவும் சரிதான் ஓய்" என்றார் பிச்சுமணி. வில்லனுக்கு இது அழகல்ல.

[இங்கே நீளமாக ஒரு கட்டுரை இருந்தது. மிச்சம் இது: ஐரோப்பாவில் யூதர்களைப் பார்த்து, கிறிஸ்துவைக் கொன்றவர்கள் என்றார்கள். கொள்ளைநோய் வந்தபோது கிணற்றில் விஷம் போட்டார்கள் என்றார்கள். தனித் தெருவில் இருக்கச் சொன்னார்கள், உடுப்பில் அடையாளம் தைக்கச் சொன்னார்கள். தனித் தெரு, தனிக் கிணறு என்றால் என்னவென்று மதுரை வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த அந்த வெறுப்பை ஒரு அரசாங்கம் சட்டமாக்கி, ரப்பர் முத்திரையாக்கி, முந்தைய போரில் தோற்ற பழியையும் அவர்கள் தலையில் கட்டி, அடுத்த போருக்குப் புறப்பட்டது. வெள்ளைக்கார அரசு ஜெர்மனி மேல் போர் அறிவித்த மறுநாள்தான் நம் செப்டம்பர் நாலு.]

5

"ஜெர்மன் ஆம்பிளைனா எவனா இருந்தாலும் பிடிக்கச் சொல்லி உத்தரவு" என்றார் வெள்ளைத்துரை. "பின்னாடி கமிட்டி விசாரிக்கும். அகதி யூதன்னா விட்டுருவாங்களாம். பாஸ்போர்ட்டுல செவப்பா ஒரு எழுத்து இருக்கும்னாங்க." திறந்தார். புரட்டினார். "இல்லையே."

விரட்டிய எழுத்துதான் இப்போது காப்பாற்ற வேண்டிய எழுத்து. அது இல்லாவிட்டால் இந்த மனுஷன் போர் முடியும்வரை முகாமில், எந்த நாஜிகளுக்குப் பயந்து ஓடி வந்தாரோ அவர்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடப்பார்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் சூடாமணி.

"இவ இல்லைங்க, நானு" என்றார் துளசிராம்.

"பாஸ்போர்ட்டுல கை வச்சா ஜெயிலு! அதுக்கு ஏன்யா போட்டி போடுறீக?"

பிச்சுமணி தாளைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அழிச்ச எழுத்து என் கண்ணுக்குத் தப்பாது." தப்பிவிட்டது. அம்புட்டுச் சுத்தமான வேலை.

6

நான் யோசித்த முடிவுகள்.

அ) எமிலைக் கீழக்குயில்குடி மலையில், சமணர் படுத்த கல் படுக்கையில் ஒளித்து வைப்பது. அழகான முடிவு. ஆனால் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றியதாகக் கதை சொல்லும் ஊர் இது. அந்த மலைக்குப் போனால் கதை நம்மைப் பற்றியதாகிவிடும். பயந்து விட்டுவிட்டேன்.

ஆ) துளசிராம் தன் சிவப்பிலேயே புதிதாக ஒரு எழுத்துப் போடுவது. மழை பட்டால் ஒழுகும்.

7

அப்போது எமிலே எழுந்தார். "தாளும் நார்தான். வெளுத்த நார் நீலத்தை அதிகமாக் குடிக்கும், அண்ணே." நீலச் சாயத்தைத் தண்ணீராகக் கரைத்துத் தூரிகையால் தாளின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். தாள் வெளிர் நீலமானது. அதன் நடுவே, ஊசி போன பாதையில் மட்டும், கருநீலமாக அந்த எழுத்து எழுந்தது.

"இதைத் தன் கையாலேயே போட்டுக்கிட்ட முதல் யூதன் நான்தான்" என்று சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

வெள்ளைத்துரை குனிந்து பார்த்தார். "செவப்புன்னாங்க. நீலமாயிருக்கே? செவப்பு எங்க போச்சு?"

துளசிராம் வாயைத் திறந்தார். எமில் முந்திக்கொண்டார்.

"தண்ணி பட்டுருச்சு. ஜெர்மன் சிவப்பு ஒழுகும் சார்."

துளசிராம் தொடையில் அடித்துக்கொண்டார். "ஒன்பது வருஷம்! ஒத்துக்கிட்டாருய்யா! சாமி, எழுதும், எழுதி வையும்!"

இன்ஸ்பெக்டர் நால்வரையும் பார்த்தார். காதில் விழுந்த ஒப்புதலை விட்டுவிட்டு, "நனைந்து ஒழுகியது" என்றே எழுதிக்கொண்டார்.

8

உத்தரவு உத்தரவுதான். எமிலை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். மூவரும் பின்னாலேயே போனார்கள்.

கமிட்டி என்ன சொன்னது? நான் எழுதமாட்டேன். கமிட்டிக்கு மூன்று நாற்காலி போட்டிருக்கிறேன், ஒன்று உங்களுக்கு. நீல எழுத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. விடுதலை என்றால் எந்த ஊருக்கு என்றும் சொல்ல வேண்டியிருக்கும். போருக்குப் பிறகு அவர் ஆட்கள் பலர் பாலஸ்தீனத்துக்குப் போனார்கள். அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் பலர் வீட்டைப் பூட்டிச் சாவியோடு வெளியேறினார்கள். அதையும் மனதில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருங்கள்.

லாக்கப் வாசலில் எமில் திரும்பினார். "போறேன் அண்ணி."

"போறேன்னு சொல்லப்படாதுன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்?"

"போயிட்டு வாரேன்."

"அப்படிச் சொல்லுங்க."

எமில் உள்ளே போனார். வெள்ளைத்துரை கதவைச் சாத்திப் பூட்டினார்.