பின்னேரம் காட்டுவம்

காலை ஐந்து மணிக்கு எழும்புகிறேன். தொழுகிறேன். கேத்தலில் இரண்டு கோப்பைத் தண்ணீர் வைக்கிறேன். எனக்கு ஒன்று போதும். ஆனால் உள்ளே இருக்கும் கோட்டுக்குக் கீழே தண்ணீர் நின்றால் அந்தக் கேத்தல் கொதிக்காது. மிச்சத்தை வாசலில் ஊற்றுகிறேன். சேர்ட்டை அழுத்துகிறேன். மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்து இருக்கையைத் துடைக்கிறேன். முன்பாதியைத் துடைத்தால் போதும், பின்பாதியையும் துடைக்கிறேன். ஆறரைக்கு மாமி பக்கத்து வளவிலிருந்து ரொட்டியும் சம்பலும் கொண்டுவருவார். ஏழரைக்கு அக்கரைப்பற்றுக்கு, விவசாயக் கந்தோருக்கு வேலைக்குப் புறப்படுவேன். முன்பு ஆறேகாலுக்கே புறப்பட்டோம்.

இந்த வீடு என் மனைவி நுஸ்ஹாவுடையது. எங்கள் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை ஒரு பையோடு வந்து சேர்வான். மனைவி மௌத்தானால் அதே பையோடு உம்மா வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். நாற்பதாம் நாள் கத்தம் முடிந்ததும் பையை எடுத்தேன். மாமி வாசலில் மறித்தார். "எங்க போறீங்க? அவ போனா நீங்க எனக்கு மகன் இல்லாமப் போயிருவீங்களா?" பையை வைத்துவிட்டேன். ஐந்து மாதமாகிறது.

இன்று ரொட்டித் தட்டோடு மாமியின் கையில் நுஸ்ஹாவின் உயர்தரப் பரீட்சை அனுமதி அட்டையும் இருந்தது.

"ரிசல்ட் வந்திரிக்காம். எண்ட புள்ளடயப் பாருங்க மகன்."

"இப்ப அது என்னத்துக்கு மாமி?"

"எழுதினவ அவதானே. பாருங்க."

போனை எடுத்துச் சுட்டெண்ணை அடித்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள் போல. வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மாமி படியில் உட்கார்ந்து அதையே பார்த்தார்.

முதல் தரம் நுஸ்ஹா எடுத்தது மூன்று எஸ், வெறும் சாதாரணச் சித்தி. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் மாதம் அந்தப் பெறுபேறு வந்தது. "பெயில் இல்லதானே" என்று சிரித்தாள். அவளுக்கு அது போதுமாயிருந்தது. பிறகு ஒரு நாள் உம்மா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் கூடப்பிறந்த ராத்தா றம்ஸியா கேட்டாள்: "கம்பஸ் முடிச்ச மாப்பிளட பொஞ்சாதிக்கு எஸ், எஸ், எஸ். இது ரிசல்ட்டா, இனிஷியலா?" எல்லோரும் சிரித்தார்கள். நுஸ்ஹாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

திரும்ப எழுது என்றேன். மருதமுனையில், படித்த பள்ளிக்கூடத்திலேயே, தன் தங்கச்சியின் வகுப்பில் போய் உட்கார மாட்டேன் என்றாள். அது தப்பிக்கச் சொல்லும் சாட்டு என்று எனக்குத் தெரியும். சாட்டை இல்லாமலாக்கினேன். அக்கரைப்பற்றில் ஒரு மகளிர் கல்லூரி அதிபரிடம் மூன்று முறை போனேன். "கலியாணம் முடிச்ச புள்ளயச் சேக்கிற வழக்கமில்ல தம்பி" என்றவர் கடைசியில் இறங்கி வந்தார். மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். நான் பாதுகாவலர் என்று கையெழுத்திட்டேன். மற்றப் பிள்ளைகளுக்கு நான் அவளுடைய காக்கா, மூத்த சகோதரன். ஒவ்வொரு காலையும் அவள் மோதிரத்தைக் கழற்றிச் சீனிப் போத்தலின் மூடிமேல் வைத்துவிட்டு, வெள்ளைச் சீருடையில் என் பின்னால் ஏறினாள்.

காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை. வழி முழுக்கத் தலைக்கவசத்துக்குள்ளிருந்து பாடம் ஒப்புவிக்க வேண்டும். பிழைத்தால் ஏசினேன். ஒரு நாள், கழுதைக்கும் இது இதுக்குள்ள பாடமாகியிருக்கும் என்றேன்.  ஒலுவில் வந்ததும் அவள் என் முதுகில் தட்டினாள்.

"வகுப்புப் புள்ளயள் ஒங்களக் காட்டிக் கேக்காளுகள், ஒண்ட காக்காக்குப் பொண்ணு பேசுறயாமா எண்டு."

"நீ என்ன சென்ன?"

"ஆள் நல்லம், ஆனா பொண்ணப் பேப்பர் மாதிரித் திருத்துவார் எண்டு சென்னன்."

அன்று சிரித்தேன். மறுநாளும் ஏசினேன்.

கடைசிப் பேப்பர் புவியியல். அதற்கு மூன்று நாளைக்கு முன்பே காய்ச்சல் தொடங்கிவிட்டது. மழைக்காலம். எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் டெங்குவோடு ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தார்கள். அன்று காலை தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மேலெல்லாம் நோவுது. கல்முனையில ஒருக்காக் காட்டிட்டுப் போவமா?"

இரத்தம் எடுத்தால் வாட்டில் மறித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மறித்தால் ஒரு வருடம் போகும். மூன்றாம் தரமும் எழுதலாம் என்பதும் தெரியும்.

"இதான் கடைசி. எழுதிட்டு வா. பின்னேரம் காட்டுவம்."

இரண்டு பெனடோல் மாத்திரை கொடுத்தேன். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து ஏறினாள். அன்று ஒப்புவிக்கச் சொல்லவில்லை. அதைப் பெரிய தயவாக நினைத்தேன். அவளுடைய தலைக்கவசம் என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. சேர்ட்டுக்கு மேலால் சூடு தெரிந்தது. காரைதீவிலும் தெரிந்தது, நிந்தவூரிலும் தெரிந்தது. திருப்புவதற்கு வழி முழுக்கச் சந்திகள் இருந்தன.

பின்னேரம் காட்டினோம். "ஏன் நேரத்தோட வரல்ல?" என்று டொக்டர் கேட்டார். "எக்ஸாம்" என்றேன். அவர் யாருக்கு என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் மௌத்தானாள்.

மையித்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மாமி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "நீங்கதானே கிட்ட இருந்த. கடைசியில எண்ட புள்ள கலிமா சென்னாளா?"

"ஓம் மாமி."

கடைசிச் சொல் கலிமாவாக இருந்தால் சுவர்க்கம் என்பது எங்கள் நம்பிக்கை. என் பதிலைக் கேட்ட பிறகுதான் மாமி அழுதார். வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னார். இன்றும் சொல்கிறார்.

வட்டம் நின்றது. நுஸ்ஹாவின் பெயர் வந்தது. தமிழ் ஏ. இஸ்லாமிய நாகரிகம் பி. புவியியல் சி. மாமி போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்குக் கம்பஸ் கெடைக்குமா மகன்?"

"கெடைச்சாலும் கெடைக்கும்."

முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எதிர்பார்க்கவில்லை. அதில் நன்றி இருந்தது.

"நீங்க விடாமப் படிப்பிச்சீங்க. அவ எங்க தானாப் படிக்கிறவ! அல்லாஹ் ஒங்களுக்குக் கூலி தருவான் மகன். ரிசல்ட்டும் வந்திட்டு, புள்ள கலிமாவோடயும் போயிட்டா. எனக்கு இது போதும்."

"மாமி" என்றேன்.

"என்ன மகன்?"

அவர் போனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். ஐந்து மாதத்தில் அவருடைய முகத்தில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை.

"ரொட்டி ஆறிப்போகுது. நீங்களும் ஒண்டு தின்னுங்க."

"நீங்க தின்னுங்க. நான் அவடத்துக்குச் செல்லிட்டு வாறன்." போனையும் கொண்டு போய்விட்டார். மதிலுக்கு அப்பால் குரல் கேட்டது. மருமகன் படிப்பித்தது, ஏ எடுத்தது, கலிமா சொன்னது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதே ஒழுங்கில்.

நான் உள்ளே போய்ச் சீனிப் போத்தலை எடுத்தேன். மோதிரம் மூடிமேல் அப்படியே இருக்கிறது. சீனி போடும்போது மேசையில் எடுத்துவைத்து, பிறகு திரும்ப மூடிமேல் வைப்பேன்.

அவளைத் தீவிர சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோகும் முன் என்னைக் கூப்பிட்டாள். உதடு வெடித்திருந்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனேன். நானும் கலிமாவைத்தான் எதிர்பார்த்தேன். அப்போது அவள் சொன்னதுதான் கடைசிப் பேச்சு.

"மூணாங் கேள்விக்கு நம்பர் போட மறந்திட்டன்" என்றாள். "ஏசாதீங்க."