இருமல் இல்லை என்று சொன்னவர்கள்

பழைய சாக்குகளை உதறித் தைக்கிற கூடத்தில் நானும் என் பெண்டாட்டியும் வேலை பார்க்கிறோம். நான் மூட்டை தூக்குகிறவன், அவள் சாக்கு உதறுகிறவள். அந்தத் தூசி அவள் நெஞ்சில் இறங்கி, கொஞ்ச நாளாக இருமல் அவளை விடுவதில்லை. கூரையில் தூசி இழுக்கிற மிஷின் ஒன்று மாட்டினால் பிழைத்துக்கொள்வாள் என்று நான் கிடந்து அடித்துக்கொண்டிருந்தபோதுதான், ஆள் ஆளாக உடம்பு விசாரித்து எழுதிக்கொள்கிற கேள்விக்காரி ஒருத்தி வந்தாள்.

கேள்வி கேட்க அவளுக்கு விட்ட இடம் மேஸ்திரியின் அறை. கதவு திறந்தே கிடந்தது. வாசலில் மேஸ்திரி பல் குத்திக்கொண்டு நின்றார். அங்கே உட்கார்ந்து "இருமல் உண்டா?" என்று கேட்டால் எவன் உண்டு என்பான்? நோயாளிகளைப் பொறுக்கி வீட்டுக்கு அனுப்பத்தான் முதலாளி ஆள் விட்டிருக்கிறார் என்று எங்களுக்குச் சந்தேகம். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் "இல்லை" என்றோம்.

அடுத்த மாதம் அவளே மறுபடி வந்தாள். அதே கேள்விகளாம்.

"போன தடவை சொன்னதை நம்பலன்னுதானே திரும்பக் கேக்குறா?" என்றான் என் மச்சான். பெண்டாட்டிக்குத் தம்பி, அங்கேயே தையல்காரன். "யாரும் உளறி மாட்டிக்காதீங்க. அன்னைக்குச் சொன்னதையே பிசகாம சொல்லணும்."

சாப்பாட்டு நேரத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒப்பித்துப் பார்த்தோம்.

"தூக்கம்?"

"நல்லா வருது."

"இருமல்?"

என் பெண்டாட்டி "இல்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் இருமிவிட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவளும்தான். நான் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

என் முறை வந்தபோது மேஸ்திரி லாரிக்காரனோடு மல்லுக்கட்டப் போயிருந்தார். கதவைச் சாத்தினேன்.

"ஏம்மா, நீ யார் அனுப்புன ஆளு?"

"முதலாளிக்கும் எனக்கும் சம்பந்தமில்லண்ணே. தூசி இழுக்குற மிஷின் வேணுமான்னு இந்த ஆராய்ச்சிய வச்சுத்தான் மேலதிகாரிங்க முடிவு பண்ணுவாங்க."

நம்பவில்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "இருமல் இருக்கும்மா. எனக்குக் கொஞ்சம், என் வீட்டுக்காரிக்கு ரொம்ப."

அவள் முகம் வாடியது. "போன தடவை இல்லன்னீங்களே?"

"அன்னைக்குப் பயம்."

"ரெண்டு தடவையும் பதில் ஒத்துப்போகணும்ணே. மாறுனா, நம்ப முடியாதுன்னு ஒதுக்கிருவாங்க. மத்தவங்க எல்லாம் அச்சடிச்ச மாதிரி சொல்லியிருக்காங்க."

"அடப் பாவமே, அது நாங்க கூடி உக்காந்து ஒப்பிச்சதும்மா!"

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "யார் யாரு?"

அந்த ஒரு கேள்வியில் நான் எழுந்துவிட்டேன். ஆளைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறாளா?

"பேர் வேணாம்ணே," என்றாள் அவசரமாக. "ஆனா, இந்தப் பதிலை வச்சு இங்க யாருக்கும் இருமலே இல்லன்னுதான் எழுத முடியும். மிஷின் வராது."

எங்கள் வீட்டுக்கு வழி சொன்னேன். "ஞாயித்துக்கிழமை வா. கேள்வி ஒண்ணும் கேக்காத. கேட்டா என் வீட்டுக்காரி இல்லன்னுதான் சொல்லுவா. சும்மா அவ பக்கத்துல உக்காந்திரு."

வெளியே மச்சான் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன மாமா சொன்னீங்க?"

"இல்லன்னுதான்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இல்லங்கிறதுக்கா இவ்வளவு நேரம்?"