மூன்றாவது தாள்

வேலைக்குப் போகும் மாணவர்கள் திங்கள், புதன், வெள்ளி என்று தோதான நாளில் தேர்வு எழுதலாம். மல்லுக்கட்டி இந்தச் சலுகையை வாங்கியவள் கணக்குப் பேராசிரியை. மூன்று நாளுக்கும் மூன்று வினாத்தாள், மூன்றும் ஒரே கனமாக இருக்கவேண்டும். ஏறுமாறாக இருந்தால் பழையபடி எல்லாருக்கும் ஒரே நாள்தான் என்று துறைத்தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். தாள்களைக் கொடுக்கக் கெடு திங்கள் காலை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சிக்கிய மூவரையும் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தாள். முதல் தாள் கணவனுக்கு, இரண்டாவது தையற்கடை வைத்திருக்கும் நாத்தனாருக்கு, மூன்றாவது டைல்ஸ் பதிக்கும் கொழுந்தனுக்கு.

கணவன் நாற்பது நிமிடம். நாத்தனார் நாற்பத்தொன்று. கொழுந்தன் ஒன்றேகால் மணி நேரமாகியும் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“பள்ளிக்கூடத்துலயும் இவன் இப்படித்தான் அண்ணி,” என்றாள் நாத்தனார்.

தாள் கனமா, ஆள் மந்தமா? பேராசிரியை தாள்களை மாற்றிக் கொடுத்தாள். கணவன் மூன்றாவதை நாற்பது நிமிடத்தில் முடித்தான். கொழுந்தன் முதல் தாளை முப்பத்தொன்பதில்.

“இப்ப யாரு மக்கு?” என்று அக்காவைப் பார்த்தான் அவன்.

பின்னே எங்கே இடிக்கிறது? அவனுடைய பழைய தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். ஒரே கேள்விக்குப் பக்கம் முழுக்கக் கிறுக்கல். ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலமுள்ள அறை. அரை மீட்டர் சதுர டைல்ஸ் எத்தனை?

“தொண்ணூத்தாறு தானே தம்பி? நூத்தெட்டுன்னு போட்டிருக்க?”

“தொண்ணூத்தாறோட போய் நின்னா மேஸ்திரி என்னை விரட்டிருவாரு அண்ணி. வெட்டும்போது உடையாதா? எந்த வீட்டுல சுவர் நேரா இருக்கு?”

பரீட்சை எழுதப்போகிறவர்களும் வேலை பார்க்கிறவர்கள்தான். அவர்களில் இவனைப் போல ஒருத்தன் இருக்க மாட்டானா? டைல்ஸை அடித்துவிட்டுத் திரைச்சீலைத் துணி என்று எழுதினாள்.

“மடிச்சுத் தைக்கத் துணி விடலையே அண்ணி,” என்றாள் நாத்தனார், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

அதையும் அடித்தாள். ‘ஒரு செவ்வகம்’ என்று எழுதினாள். மற்ற இரண்டு தாள்களிலும் பெயிண்டும் பேருந்தும் அதே கதிக்கு ஆளாயின. சாயங்காலம் மறுபடி மூவரையும் உட்காரவைத்தபோது முணுமுணுப்பு பலமாக இருந்தது. நிமிடங்கள் நாற்பது, நாற்பது, நாற்பத்தொன்று.

காலையில் துறைத்தலைவர் புரட்டிப் பார்த்தார். “இதென்ன மொட்டையா செவ்வகம்? ஒரு ரூம், நாலு டைல்ஸுன்னு போடக்கூடாதா?”

“போடலாம் சார், சுவர் நேரா இருந்தா.”

அவர் ஒன்றும் புரியாமல் மூன்றிலும் கையெழுத்துப் போட்டார்.