மாமனாரின் சுழல்தொட்டி

முப்பது வருடமாக ஊரார் வீட்டுக் குழாய்களை எல்லாம் அடக்கியவருக்கு, மாமனார் வீட்டு மோட்டார் மட்டும் அடங்கவில்லை.

மாமனாருக்கு முதுகுவலி. வெந்நீர் சுழன்றடிக்கிற தொட்டியில் தினமும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லியிருந்தார் டாக்டர். மூத்த மருமகன் குழாய் வேலைக்காரராக இருக்கையில் வெளியாளைத் தேடுவார்களா? தொட்டியை வைத்ததும் அவர்தான், மோட்டாரைத் தரையோடு நாலு போல்ட் போட்டு இறுக்கியதும் அவர்தான். சுவிட்சைத் தட்டியதும் வீடே கிடுகிடுத்தது. அலமாரியில் தம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

"மாப்பிள்ளை, நான் குளிக்கணுமா, இல்ல டிக்கெட் வாங்கணுமா?" என்றார் மாமனார் தொட்டிக்குள் இருந்தபடியே. முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவர்.

"ஒரு நிமிஷம் மாமா."

ஆடுகிற எதையும் இறுக்கினால் நிற்கும் என்பதுதான் மருமகனின் தொழில் மந்திரம். கால் சுற்று இறுக்கினார். சத்தம் கூடியது. அரைச் சுற்று இறுக்கினார். சுவரும் சேர்ந்து பாடியது. கை வலித்ததுதான் மிச்சம்.

மாமனார் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்தார். "விடுங்க, பரவால்ல. சின்ன மாப்பிள்ளைக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்காராம். சாயங்காலம் கூட்டிட்டு வர்றேன்னார்."

மருமகனுக்கு முகம் செத்துப்போனது. தான் வைத்த மோட்டாரில் இன்னொருத்தன் கைவைப்பதா? அதுவும் சகலை கூட்டிவரும் ஆள்! இனி குடும்பத்தில் நாலு பேர் கூடினால் இதுதான் பேச்சு.

மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இறுக்கினது போதும். நம்ம வீட்டுத் தையல் மெஷினுக்கு அடியில என்ன இருக்குன்னு என்னைக்காவது குனிஞ்சு பாத்திருக்கீங்களா?"

"என்ன இருக்கு?"

"உங்க பழைய செருப்பு. அத வெட்டி வெச்சப்புறம்தான் கீழ்வீட்டுக்காரி எனக்கு முகம் குடுத்துப் பேசுறா."

அவருக்குச் சுரீர் என்றது. இறுக்க இறுக்க மோட்டாரின் நடுக்கம் முழுவதும் அல்லவா வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது! கரண்ட்டை நிறுத்தினார். போல்ட்டுகளைக் கழற்றினார். வாசலில் கையில் அகப்பட்ட ரப்பர் செருப்பை நாலு துண்டாக்கி மோட்டாரின் கால்களுக்கு அடியில் கொடுத்தார். தொட்டியை இடித்துக்கொண்டிருந்த மோட்டாரை இரண்டு விரல் தள்ளி வைத்தார். தொட்டிக்குப் போகும் கெட்டிக் குழாயில் ஒரு சாண் அறுத்துவிட்டு ரப்பர் ஹோஸ் மாட்டினார். புது இடத்தில் போல்ட்டுகளை லேசாகப் பூட்டினார். கடைசி போல்ட்டில், இன்னும் ஒரு சுற்று, ஒரே சுற்று என்று கை துடித்தது. மனைவி ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டாள்.

மாமனார் மறுபடி தொட்டியில் இறங்கினார்.

"சுவிட்சப் போடுங்க மாப்பிள்ளை."

"போட்டாச்சு மாமா."

"எங்க போட்டீங்க? ஒண்ணுமே..." அதற்குள் தண்ணீர் முதுகைக் குத்தியது. கண்ணை மூடிக்கொண்டார். "அட!"

அந்த ஒரு 'அட'வுக்காக இருபத்தைந்து வருடம் காத்திருந்தவர் மருமகன்.

அரைமணி கழித்து வாசலிலிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளை, இங்க ஒத்தச் செருப்புதான் கிடக்கு. இன்னொண்ணு எங்க?"

பழைய சத்தம் இருந்திருந்தால் காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம். இப்போது வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்கும். மருமகனின் கண் தானாக மோட்டார் பக்கம் போனது. மாமனார் மெல்ல வந்து மோட்டாருக்கு அடியில் குனிந்தார். ஒரு துண்டில் நீல வார் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தவர் போனை எடுத்தார்.

"சின்ன மாப்பிள்ளையா? அந்த ஆளு வேணாம். பெரிய மாப்பிள்ளையே முடிச்சிட்டார். நீங்க வரும்போது எனக்கு ஒரு ஜோடி செருப்பு மட்டும் வாங்கிட்டு வாங்க. ஆமா, எட்டாம் நம்பர்."

மருமகனை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ரெண்டு ஜோடியாவே வாங்கிடுங்க. வாஷிங் மெஷினும் ரொம்பத்தான் ஆடுது."