கோங்கூராவும் பாதாம் தயிரும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் குமரவேலின் சோதனை தொடங்கியது. எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கணக்கில் விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு மறுநாள் காலை அதே நேரம் வரை, ஒரு சொட்டு சிந்தாமல் லேப்காரர்கள் கொடுத்த கேனில் பிடிக்க வேண்டும்.

"ஒரு கேன் போதுமாடா? டேங்கர் கீங்கர் சொல்லி வெக்கட்டுமா?" என்று மாடிப்படியில் இருந்து அவன் கூடப்பிறந்த அலமு அக்கா கேட்டாள்.

குமரவேல் கேனின் மூடியைத் திறந்து பார்த்தான். உப்பலில் வேலை பார்க்கும் ஆலையிலும் சரி, செகந்திராபாத் வீட்டிலும் சரி, ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். இந்தக் கேனில்தான் எல்லாமே இருந்தது.

மூன்று வருடம் முன்பு ஊருக்கு வெளியே ஒரு மாட்டுக்கொட்டகையில் அவன் ஒரு கன்றைப் பார்த்தான். செத்த கன்று. உள்ளே வைக்கோல் அடைத்து, தாய்ப்பசுவின் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். பசு அதை நக்கிக்கொண்டிருந்தது. ஒருவன் பால் கறந்துகொண்டிருந்தான். அன்றோடு பால், தயிர், நெய் எல்லாம் நின்றது. யாருக்கும் காரணம் சொல்லவில்லை. மனைவி ஸ்ரீலேகா மட்டும் எப்படியோ புரிந்துகொண்டு, பாதாமை அரைத்துத் தயிர் தோய்க்கக் கற்றுக்கொண்டாள்.

போன வருடம் சிறுநீரகத்தில் முதல் கல். இந்த மார்ச்சில் இரண்டாவது. ஆபீஸ் பஸ்ஸில் சுருண்டு விழுந்தவனை நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். சோதனையில் சிறுநீரில் கல்லை உண்டாக்கும் ஆக்ஸலேட் அறுபத்தெட்டு மில்லிகிராம். நாற்பதைத் தாண்டக் கூடாதாம்.

"இது நீ பால நிறுத்தினதுக்குப் பால்காரன் விட்ட சாபம்டா" என்றாள் அக்கா. "அடுத்த டெஸ்ட்லயும் நம்பர் இறங்கலைன்னா, என் கையால ஒரு டம்ளர் மோர் குடிக்கணும். சத்தியம் பண்ணு." வலி கொடுத்த பயத்தில் பண்ணிவிட்டான். பிறகுதான் அந்த வைக்கோல் கன்று கனவில் வர ஆரம்பித்தது.

வழி பிறந்தது அக்காவின் வாயில் இருந்தே. ஒரு நாள் மத்தியானம் அவன் பாதாம் தயிர் சாதத்துக்குக் கோங்கூரா பச்சடி தொட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் வீட்டு வழக்கம் அது. கொள்ளுத்தாத்தா காலத்தில் இங்கே வந்தபோது கொண்டுவந்தது தயிர் சாதம். இந்த ஊர் கொடுத்தது கோங்கூரா என்ற புளிச்சகீரையில் அரைத்த பச்சடி. இரண்டும் சேராமல் சாப்பாடு முடியாது.

"கீரைல கல்லு வரும்னு சொல்றாங்கப்பா, கோங்கூரா நக்கோ, வேண்டாம்" என்றாள் மகள் சாஹித்யா.

"கைக்கு நக்கோ? ஏன் வேண்டாம்?" என்று அக்கா சண்டைக்கு வந்தாள். "நாலு தலைமுறையா திங்கறோம்டீ. நானும் தினம் திங்கறேன். எனக்கு வந்துச்சா? எங்கப்பாவுக்கு வந்துச்சா?"

குமரவேலின் கை தட்டிலேயே நின்றது. அக்கா தட்டில் அதே சாதம், அதே பச்சடி. வித்தியாசம் ஒன்றுதான். அவள் தயிர் பாலில் தோய்த்தது. அவன் தயிர் பாதாமில்.

கையைக் கழுவிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தவன், தார்நாகாவில்தான் போய் நிறுத்தினான். டாக்டர் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்த உணவு ஆலோசகர் தாரிணியின் கிளினிக் அங்கேதான் இருந்தது.

"மேடம், வீட்ல தயிரை நிறுத்தின எனக்கு மட்டும்தான் கல்லு. கோங்கூராகிட்ட இருந்து இத்தனை வருஷம் எங்களைத் தயிர்தான் காப்பாத்திச்சா?"

தாரிணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஹவ், ஆமா சார்! தயிர்ல இருக்கற கால்சியம் கீரையோட ஆக்ஸலேட்டைக் குடல்லயே பிடிச்சுக்கும். பிடிச்சது மலத்தோட போயிடும். பிடிக்க ஆள் இல்லாதது ரத்தத்துல ஏறி கிட்னிக்குப் போகும். நீங்க தயிரை எடுத்துட்டு அங்க என்ன வெச்சீங்க?"

"பாதாம்."

"பாதாம்லயும் ஆக்ஸலேட் கொட்டிக் கிடக்கு. காவல்காரனை அனுப்பிட்டுத் திருடனையே வேலைக்கு வெச்சிருக்கீங்க."

"ஆனா கல்லே கால்சியம்தான்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கே? அதனாலதான் கால்சியம் இருக்கறது எதையும் நான் தொடறதில்ல."

"எல்லாரும் பண்ற தப்பு சார் அது. சாப்பாட்டோட சேர்ந்து வர்ற கால்சியம் உங்க கட்சி."

"அப்போ பாலுக்குத் திரும்பணுமா?"

"யார் சொன்னா? கால்சியம் சேர்த்த சோயாப் பால் கிடைக்குது. அதுல தயிர் தோய்ங்க."

வரும் வழியெல்லாம் அவன் தனக்குள் பேசிக்கொண்டே வந்தான். சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். மறுநாள் காலை தாரிணி சொன்னபடி, போவன்பள்ளி சந்தையில் பாலக்கீரையையும் கோங்கூராவையும் கடந்து நடந்து சுரைக்காய், முட்டைக்கோஸ், ஒரு பை எலுமிச்சை வாங்கினான். கோங்கூரா மாதம் ஒரு நாள் என்று ஆனது, அதுவும் வேகவைத்துத் தண்ணீரை வடித்து. ஸ்ரீலேகா பாதாமை விட்டுவிட்டுச் சோயாப் பாலில் தயிர் தோய்த்தாள். பச்சடியில் உப்பு பாதி. மேஜையில் மூன்று பாட்டில் தண்ணீர்; தூங்கப் போகுமுன் மூன்றும் காலியாக வேண்டும்.

மூன்று மாதம் கழித்து இந்த ஞாயிறு.

திங்கள் காலை கேன் கனத்தது. போன தடவை ஒரு லிட்டரைத் தொடவில்லை, இப்போது இரண்டரை. அதைக் கோயில் குடம் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவன் லேப்புக்குப் போனதைப் பார்த்து ஸ்ரீலேகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

புதன் சாயங்காலம் அக்கா கையில் மோர் டம்ளரோடு இறங்கி வந்தாள். இஞ்சி தட்டிப் போட்ட மோர். மேஜையில் அவனுக்கு நேரே வைத்தாள். குமரவேல் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

"ஆகயா! ரிப்போர்ட் வந்துடுச்சு!" சாஹித்யா போனோடு ஓடிவந்தாள்.

"நீயே படி."

"வெயிட், வெயிட்... ஆக்ஸலேட்..." அவள் விரல் திரையில் இறங்கியது. "தர்ட்டி த்ரீ! அப்பா, முப்பத்து மூணு!"

குமரவேல் நாற்காலியில் இருந்து துள்ளி எழுந்தான். "முப்பத்து மூணு! ஸ்ரீ, கேட்டியா? முப்பத்து மூணு! அக்கா, நாற்பதுக்குக் கீழே! அறுபத்தெட்டு இருந்தது, இப்போ முப்பத்து மூணு!" பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. இவ்வளவு சத்தமாக அவன் பேசி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

அக்கா அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். டம்ளரை எடுத்து, மோரைத் தானே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இறங்கிச்சு, உன் நம்பர் மாதிரியே" என்றாள். "ஏண்டா, அந்தச் சோயாத் தயிர் மிச்சம் இருக்கா? எப்படித்தான் இருக்குன்னு ஒரு வாய் பார்க்கறேன்."