பந்தைப் பார்க்காதே, மாப்பிள்ளையைப் பார்

ஜதுஷனுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான்: அமெரிக்கன் ஃபுட்போல் ஆட்டத்தில், எதிரணிக்காகப் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பாக்கை விழுத்த வேண்டும்.

சூக் நகரிலிருந்து வந்த அணி ஆடியது ஒப்ஷன் என்கிற ஏமாற்று ஓட்டம். குவாட்டர்பாக் பந்தோடு ஓரமாக ஓடுவார். இன்னொருவன் பக்கத்திலேயே ஓடுவான். கடைசி நொடியில் பந்தைத் தானே வைத்துக்கொள்ளலாம், அவனுக்கு எறிந்தும் விடலாம். தடுக்கிறவர்கள் எல்லாரும் பந்துக்குப் பின்னால் ஓடினால் கதை முடிந்தது. ஆகவே பயிற்சியாளர் ஊலி ஆளுக்கு ஓர் ஆளைப் பிரித்துக் கொடுத்திருந்தார். "பந்தைப் பார்க்காதே, உன் ஆளைப் பார்" என்று ஒரு மாதமாய் அவர் தொண்டை கிழியக் கத்தியதில், அவர்கள் பயிற்சி எடுக்கும் பூம்ப்ளிஸ் மைதானத்துக் காகங்களுக்கே அது பாடமாகியிருக்கும்.

இரண்டு வருஷம் பெஞ்சைத் தேய்த்த பிறகு ஜதுஷனுக்குக் கிடைத்த முதல் ஆட்டம் இது. சொதப்பினால் மறுபடியும் பெஞ்சுதான் என்று ஊலி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

முதல் ஓட்டத்திலேயே ஆவேசமாய்ப் பாய்ந்தான். ஹெல்மெட் கம்பிக்குள்ளே குவாட்டர்பாக்கின் முகத்தைக் கண்டதும் கால் தானாக நின்றுவிட்டது.

"அத்தான்!"

அத்தானேதான். வருகிற சனிக்கிழமை அக்கா யாதவிக்குத் தாலி கட்டப்போகிற விஜிதரன். கல்யாணத்துக்காக விளையாட்டை விட்டுவிட்டார் என்றுதான் வீட்டில் பேச்சு. நேற்று முன்தினம் பொன்னுருக்கு நடந்தது. தாலிக்குப் பொன் உருக்கின பிறகு மாப்பிள்ளை படி தாண்டக்கூடாது, பெண்ணின் கண்ணில் படக்கூடாது என்று இரண்டு வீட்டாரும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மனுஷன் என்னடாவென்றால் பந்தும் கையுமாக நிற்கிறார்.

"தம்பி, வீட்டிலை சொல்லிப்போடாதையும்" என்று கிசுகிசுத்துவிட்டு, அவனைச் சுற்றிக்கொண்டு இருபது கஜம் ஓடினார்.

அக்காவின் மாப்பிள்ளையை எப்படி அடிப்பது? கல்யாணத்தன்று பெண்ணின் தம்பி என்ற முறையில் தோழனாக நின்று அவருடைய காலைக் கழுவப்போகிறவனே ஜதுஷன்தான். அந்தக் காலையே முறிப்பதா? அடுத்த ஓட்டங்களில் மோதாமல் முன்னால் ஆடி ஆடி நின்றான். அதுவும் ஓர் உத்திதான். ஓடுவதா எறிவதா என்று குழப்பிவிட்டால் மற்றவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். ஊலி கைதட்டினார். நாலாவது தடவை கைதட்டவில்லை.

இந்தப் பொடியன் தொடமாட்டான் என்று அத்தான் கண்டுபிடித்துவிட்டார். பிறகு ஒவ்வொரு முறையும் "சுகமோ தம்பி?" என்று கேட்டபடி கடந்துபோனார். ஜதுஷனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதை கொடுத்தால் தலையில் ஏறியல்லவா உட்காருகிறார்!

"இன்னும் ஒரு தடவை உன் ஆளை விட்டால் வெளியே" என்றார் ஊலி.

கடைசி நிமிடம். ஜதுஷனின் பேர்ண் அணி மூன்று புள்ளி முன்னால். சூக் அணியோ எல்லைக்கோட்டுக்கு ஐந்து கஜ தூரத்தில். அப்போதுதான் ஓரத்தில் யாதவி நிற்பதைக் கண்டான். தம்பியின் முதல் ஆட்டத்துக்கு வந்தவள். ஒலிபெருக்கி மாப்பிள்ளையின் பெயரை வாய்நிறையச் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். பார்க்கக்கூடாதே, அதனால் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளும் வீட்டில் இருக்க வேண்டியவள்தான் என்பதை அந்த நேரம் யார் கேட்பது?

"அக்கா, அத்தானை என்ன செய்ய?"

"அடியடா!" திரும்பாமலே கத்தினாள். "முகத்திலை மட்டும் படாமல் பார். ஃபோட்டோ எடுக்க வேணும்."

பந்து கிளம்பியது. "சுகமோ..." என்று தொடங்கிய விஜிதரனால் முடிக்க முடியவில்லை. பந்தை அவர் எறிந்த அதே கணத்தில் ஜதுஷன் தோளைக் கொடுத்து அவரைப் புல்லில் சாய்த்தான். பந்து எங்கோ உருண்டது. அவன் அதைப் பார்க்கவில்லை. கூட்டம் போட்ட சத்தத்தில்தான் வென்றது தெரிந்தது.

சனிக்கிழமை மண்டப வாசலில் செம்புத் தண்ணீரோடு குந்தியிருந்தான். அத்தானின் வலது கணுக்கால் வீங்கிக் கிடந்தது. பார்க்கப் பாவமாய்த்தான் இருந்தது.

"மெதுவா, தம்பி" என்று பல்லைக் கடித்தார் விஜிதரன். "பந்தைத்தான் விட்டிட்டனே, பிறகேன் என்னிலை விழுந்தனீர்?"

"எனக்கு வேலை பந்தில்லை அத்தான், நீங்கள்தான்."

விஜிதரன் சிரித்துக்கொண்டே கால் கழுவுகிற தோழனுக்கு மாப்பிள்ளை போடுகிற மோதிரத்தை அவன் விரலில் போட்டார். அதற்குள் பெண்ணின் கார் வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுக்க, கமராக்காரர், மேளக்காரர், மாமிமார் எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். ஜதுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நொண்டுகிற அத்தானின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு மணவறைவரைக்கும் கூடவே நடந்தான்.