பலகைக்குப் பின்னால் இரைச்சல்

பாம்பைக் கண்டால் எனக்குப் பயமில்லை. பேய் என்றால் சிரிப்புத்தான் வரும். என் நாத்தனார் வாயைத் திறந்தால் வீடே ஓடி ஒளியும், நான் அதையும் தாங்கிக்கொள்வேன். ஆனால் தேனீ என்று யாராவது சொன்னால் போதும், ஓடிப்போய் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு பூங்காவில் தேனீ ஒன்று என் முழங்கையில் கொட்டியது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் வீங்கி அடங்கிப் போகிற விஷயம். எனக்கு உதடு வீங்கி, நாக்கு தடித்து, தொண்டை அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது டாக்டர் என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "தேனீ விஷம் இவங்க உடம்புக்குச் சுத்தமா ஒத்துக்கல. அடுத்த தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் வர நேரம் இருக்குமான்னு சொல்ல முடியாது." அன்றிலிருந்து, கொட்டினால் உடனே தொடையில் குத்திக்கொள்கிற ஊசி ஒன்று என் கைப்பையிலேயே இருக்கிறது. அந்தப் பை நான் போகிற இடமெல்லாம் வரும்.

அப்படிப்பட்டவள் படுக்கிற அறையில்தான் அவை வந்து குடியேறின.

என் கணவர் கசிவு அடைக்கிற மேஸ்திரி. மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, குளியலறைச் சுவர், எங்கே ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊரார் வீட்டு ஈரத்தையெல்லாம் சரிசெய்கிற மனிதர், எங்கள் மாடி அறைச் சுவரில் ஈரம் பூத்தபோது மட்டும், "அப்புறம் பாத்துக்கலாம்" என்று அதன் முன்னால் மரப்பலகை அடித்து மறைத்துவிட்டார். பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. வெளிச்சுவரில் பழைய ஏசி குழாய் போன துளை. தேனீக்கு வேறென்ன வேண்டும்? நாங்களே வீடு கட்டிக் கொடுத்த மாதிரிதான்.

முதலில் கண்டுபிடித்தவள் நாத்தனார். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ரேடியோ. அன்று காலை துணி காயப்போடப் போனவள் கொல்லையிலிருந்து கத்தினாள். "அண்ணி, வெளிய வராதீங்க! மேல ஓட்டைக்குள்ள தேனீ சாரைசாரையா போகுது!"

நான் மாடிக்குப் போய்ப் பலகையில் காதை வைத்தேன். உள்ளே இரைச்சல். கொதிக்கிற உலை மாதிரி ஒரே சீராக இருந்தது. இத்தனை நாள் பக்கத்து வீட்டு மோட்டார் என்று நினைத்து அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

கணவர் தேனீ வளர்க்கிற தேன்பெட்டிக்காரர் ஒருவருக்குப் போன் போட்டார். அவர் வெளியூரில் இருந்தார். மறுநாள் வந்து கூட்டோடு எடுத்துவிடுவதாகச் சொன்னார். "அதுவரைக்கும் யாரும் அத சீண்டாதீங்க. வீட்டம்மாவ வேற எங்கயாச்சும் அனுப்பிடுங்க" என்றும் சொன்னார். நல்ல யோசனை. மத்தியானம் என் அக்கா வீட்டுக்குப் போவதாக முடிவு செய்தோம்.

துணி எடுக்க மாடி அறைக்குப் போனேன். வெளியே சுற்றுகிற தேனீ எதுவும் படி வழியாக உள்ளே வந்துவிடக் கூடாதே என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பையைக் கதவுக் கொக்கியில் மாட்டினேன். பீரோ ஜன்னல் பக்கம் இருந்தது. நான் மேலே போனதை என் கணவர் கவனிக்கவில்லை.

கீழே அவருக்குக் கை அரித்திருக்கிறது. ஓட்டை என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் அடைக்காமல் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. கசிவு வேலையில் அவர் கணக்கு இது: தண்ணீர் வரத்து குறைகிற நேரம் பார்த்து வாயை அடைக்க வேண்டும். வெயில் ஏறினால் தேனீக்கள் இரை தேடப் போய்விடும், உள்ளே நாலைந்துதான் இருக்கும், இப்போது அடைத்தால் போனவை ஏமாந்து வேறு இடம் பார்க்கும் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். ஏணியைச் சாத்தி, சட்டென்று இறுகுகிற கலவையைக் குழைத்து, துளையில் அப்பிவிட்டார். ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் மறுபக்கம் வரும் என்று வாடிக்கையாளருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர்!

எனக்கு எதுவும் தெரியாது. புடவையை மடித்துக்கொண்டிருந்தேன். பலகைக்குப் பின்னால் இரைச்சல் மாறியது. சீராக இருந்தது சீறலாக ஏறியது. பலகையே அதிர்ந்தது.

கதவை ஒட்டிப் பலகையில் பதித்த சுவிட்ச் போர்டு. அதன் ஓர இடுக்கிலிருந்து ஒரு தேனீ தலையை நீட்டியது. நின்றது. மீசையைத் துடைத்தது. வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை, பழுப்பு நிறத்தில் பலகையில் வழிந்தன.

கதவு அந்தப் பக்கம். என் ஊசி அந்தக் கதவில். நான் இந்தப் பக்கம். ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன். போன மழைக்குச் சாரல் வருகிறதென்று சட்டத்தைச் சுற்றி அவர் பூசிய பசையில் அது இம்மியும் அசையவில்லை. வெளிச்சத்தைப் பார்த்து அவை ஜன்னலுக்கே வந்தன. என் காதோரம் ஒன்று உரசிக்கொண்டு போனது.

"என்னங்க!" என்று கத்தினேன். "உள்ள இருக்கேங்க! எல்லாம் உள்ள வருது!"

வெளியே ஏணி தடதடத்தது. "நீ அங்கயா இருக்கே? ஐயோ!" என்றது அவர் குரல்.

கட்டிலில் கிடந்த போர்வையை இழுத்து, தலையோடு கால் மூடிக்கொண்டு, கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருட்டு மூலையில் தரையில் சுருண்டேன். போர்வை முழுக்கத் தட்டுத் தட்டென்று விழுந்தன. துணி தடிப்பு, கொட்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது என் பிடரியில் ஏதோ ஊர்ந்தது.

போர்வைக்குள் ஒன்று என்னோடு வந்துவிட்டது.

பிடரியிலிருந்து காது மடலுக்கு வந்தது. ஆறு கால்களும் தனித்தனியாகத் தெரிந்தன. அசைந்தால் கொட்டும். மூச்சை வேகமாக விட்டால் கொட்டும். வேர்வை வழிந்து கண்ணுக்குள் போனது, துடைக்கவில்லை. சாகப்போகிறேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அடுப்பில் பால் இருக்கிறதே என்று ஒரு நினைப்பு வேறு வந்து தொலைத்தது.

"ஏம்மா! பேசும்மா!" என்று வெளியே அவர் கத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. "பேசேன்! ஒரு வார்த்தை பேசேன்!" அப்புறம் குரல் உடைந்து அழுதார். அந்த மனிதர் அழுது நான் கேட்டதே இல்லை. கூடவே உளி சுவரில் மோதுகிற சத்தம். அவை வெளியே போக வழி விடத் தான் அடைத்ததைத் தானே இடித்துக்கொண்டிருந்தார். இரை தேடப் போன கூட்டம் திரும்பி வந்து அவரை மொய்த்திருக்க வேண்டும். இடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அவர் அலறினார், ஆனாலும் இடிப்பதை நிறுத்தவில்லை.

கலவை பெயர்ந்து விழுந்தது. பலகைக்குள் சீறல் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சுவர்ப் பக்கம் நகர்ந்தது. என் காது மடலில் இருந்த தேனீ கன்னத்துக்கு வந்து, போர்வை ஓரத்தில் தெரிந்த வெளிச்சக் கீற்றைப் பார்த்து நடந்து, போய்விட்டது.

போர்வையோடு தவழ்ந்தேன். சுவிட்ச் போர்டில் இப்போது நாலைந்துதான், மற்றவை ஜன்னல் கண்ணாடியில். கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே விழுந்தேன். சத்தம் கேட்டு மேலே ஓடி வந்திருந்த நாத்தனார் கதவைப் பட்டென்று சாத்தி, போர்வையைச் சுருட்டி மாடிப்படிக்குக் கீழே எறிந்தாள்.

பையிலிருந்து ஊசியை எடுத்துக் கையில் பிடித்திருந்தேன். எங்கேயும் கொட்டவில்லை.

வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் படியேறி ஓடி வந்தார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஒரு கண் மூடிப்போயிருந்தது, உதடு தடித்துத் தொங்கியது, விரல்களில் ரத்தம். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் விரித்தார். "ஒண்ணும் ஆகலையே? உனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா?"

அவர் சட்டைக் காலரில் இரண்டு ஊர்ந்துகொண்டிருந்தன. தலைமுடிக்குள் ஏதோ ரீங்கரித்தது.

"கிட்ட வராதீங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. இன்னும் ஒரு படி ஏறினார்.

"கிட்ட வராதீங்கன்னு சொல்றேன்ல!" என்று வீறிட்டேன். கையிலிருந்த ஊசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தேன், கத்தியை நீட்டுகிற மாதிரி.

அப்போதுதான் குனிந்து தன் தோளைப் பார்த்தார். விரித்த கைகள் மெல்ல இறங்கின. தலையை அசைக்காமல், எதையும் கிளப்பிவிடாமல், வந்த படிகளில் பின்பக்கமாகவே ஒவ்வொன்றாக இறங்கினார். என்னைப் பார்த்தபடியே இறங்கினார். வாசலைத் தாண்டியதும் வீங்கிய உதட்டோடு, "கதவைச் சாத்திக்கோம்மா" என்றார்.

நாத்தனார் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக அவரிடம் ஓடினாள். நான் கீழே இறங்கி வாசல் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம், வாசற்படியில் உட்கார்ந்து, எனக்குக் கேட்டுவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முனகுவது கேட்டது. எனக்குத் திறக்கத் தைரியம் வரவில்லை.